மான் வேட்டைக்கு ரைபிள் தூக்குகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்ராறியோவில் நவம்பர் பிறந்தால் எங்கள் ஆட்களிலும் சிலர் செம்மஞ்சள் தொப்பியைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். புதிதாகச் சேருகிறவர்கள் என்னிடம் வருடாவருடம் கேட்கும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். எப்படிக் குறி பார்ப்பது, எந்த ரைபிள் வாங்குவது என்பதெல்லாம் இதில் இல்லை. ஒரு வேட்டை நாளில் பத்து மணித்தியாலம் துவக்கு கையில் இருக்கும். அதில் வெடி வைப்பது ஒரு தடவை, பல நாட்களில் அதுவும் இல்லை. மிச்ச நேரம் முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு நடக்கிறோம், ஏறுகிறோம், இறங்குகிறோம், வாகனத்தில் வைக்கிறோம். அந்த மிச்ச நேரத்தைப் பற்றித்தான் இந்தப் பக்கம்.

துவக்கைத் தொடுவதற்கு முன் என்னென்ன கையில் இருக்க வேண்டும்?

முதலாவது, துவக்கு வைத்திருக்கவும் வாங்கவும் கனேடிய அரசு தரும் அனுமதிப்பத்திரம். ஆங்கிலச் சுருக்கம் பிஏஎல். எங்கள் வாயில் அது 'பால்' ஆகிவிட்டது, "பால் எடுத்திட்டியா?" என்று யாராவது கேட்டால் கடைக்குப் போன கதை அல்ல. அதற்கு முன் துவக்குப் பாதுகாப்பு வகுப்புக்குப் போய் எழுத்துச் சோதனை, செய்முறைச் சோதனை இரண்டிலும் 80 சதவீதம் எடுக்க வேண்டும். முதல்முறை விண்ணப்பிக்கிறவர்களுக்கு 28 நாள் கட்டாயக் காத்திருப்பு உண்டு. பத்திரம் ஐந்து வருடம் செல்லும்.

வேட்டைக்கு அது மட்டும் காணாது. மாகாணத்தின் வேட்டைக் கல்வி வகுப்பு, மாகாணம் தரும் வேட்டை அட்டையான அவுட்டோர்ஸ் கார்ட், அந்தப் பருவத்துக்கான மான் அனுமதி எல்லாம் தனித்தனி. இன்னொன்று: தென் ஒன்ராறியோவின் பல வேட்டைப் பிரிவுகளில் மானுக்கு ரைபிள் கொண்டுபோகவே முடியாது, ஷொட்கன் அல்லது இடியன் (வாய்வழியே மருந்து இடித்து நிரப்பும் துவக்கு) தான். போகப்போகும் பிரிவின் எண்ணை வைத்து அந்த வருடத்து விதிச்சுருக்கத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

வகுப்பில் சொல்லித்தந்த நாலு விதியும் மறந்துபோச்சு. திரும்பச் சொல்ல முடியுமா?

எந்தத் துவக்கைப் பார்த்தாலும் உள்ளே ரவை இருக்கிறது என்றே நினைக்க வேண்டும். குழல் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது எந்த நேரமும் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். சுடும் கணம் வரை விரல், இழுத்தால் வெடிக்கும் விசைவில்லிலும் படக்கூடாது, அதைச் சுற்றியுள்ள வளையத்துக்குள்ளும் போகக்கூடாது. நாலாவது, உள்ளே ரவை இல்லை என்பதை நீங்களே பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

நாலும் சமம் என்றுதான் வகுப்பில் சொல்வார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதுக்குத்தான் முதலிடம். மற்ற மூன்றிலும் பிழை விட்டாலும், குழல் வாய் ஆளில்லாத திசையில் இருந்தால் நிலத்தில் ஒரு குழியும் உங்களுக்கு ஒரு நடுக்கமும்தான் மிச்சம்.

ரவை இல்லை என்று எப்படி உறுதிசெய்வது? மகசினை (ரவைகளை அடுக்கும் பெட்டியை) கழற்றினால் போதாதா?

போதாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

என் முதல் பருவம். பொழுது பட்டு, கால் விறைத்து, கை உணர்வில்லாமல் பிக்கப்புக்குத் திரும்பி வந்தோம். நான் போல்ட்டை (ரவையை உள்ளே தள்ளி மூடும் பின்பக்கப் பூட்டை) இழுத்தேன், ஒரு ரவை வெளியே துள்ளி விழுந்தது. போல்ட்டைத் தள்ளி மூடினேன். பிறகு மகசினைக் கழற்றிப் பையில் போட்டேன். முடிந்தது என்று ரைபிளை உறையில் வைக்கப் போனபோது கூட வந்த அண்ணை, "தம்பி, ஒருக்கா திறந்து காட்டு" என்றார். எரிச்சலோடு திறந்தேன். இன்னொரு ரவை வெளியே வந்து பனியில் விழுந்தது. முதல் ரவையை எடுத்துவிட்டு போல்ட்டை மூடியபோது மகசினில் இருந்த அடுத்த ரவையை நானே சேம்பருக்குள், அதாவது குழலின் பின்முனையில் ரவை நின்று வெடிக்கும் அறைக்குள், தள்ளியிருக்கிறேன். அண்ணை ஒன்றும் பேசவில்லை. ரவையைப் பொறுக்கி என் கையில் தந்தார், அவ்வளவுதான்.

ஆகவே ஒழுங்கு முக்கியம். குழல் வாயைப் பாதுகாப்பான திசைக்குத் திருப்புங்கள். முதலில் மகசினைக் கழற்றுங்கள், பிறகுதான் போல்ட். போல்ட்டைத் திறந்ததும் மூடவேண்டாம். சேம்பருக்குள் கண்ணால் பாருங்கள், இருட்டென்றால் சுண்டு விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். மகசின் இருந்த இடத்திலிருந்து சேம்பர் வரை ரவை வரும் பாதையில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகக் குழலுக்குள் அடைப்பு இருக்கிறதா என்று பின்பக்கத்திலிருந்து பாருங்கள். கழற்ற முடியாத மகசின் உள்ள ரைபிள்களில் அடித்தட்டு திறக்கும் வசதி இருந்தால் அதால் ரவைகளைக் கொட்டலாம். கீழ்க் கைப்பிடியை இழுத்து ரவை ஏற்றும் லீவர் ரைபிள்கள் பலவற்றில் அதுவும் இல்லை; ஒவ்வொன்றாக இழுத்து எடுக்க வேண்டியதுதான், விரல் வளையத்துக்குள் போகாமல்.

எத்தனை ரவை ஏற்றினோம் என்று காலையில் எண்ணி வைத்துக்கொள்வது என் பழக்கம். நாலு போட்டேன், நாலு கையில் வந்ததா? வரவில்லை என்றால் மிச்சம் எங்கே?

சேஃப்டி போட்டிருந்தால் பயமில்லைத்தானே?

சேஃப்டி, அதாவது தவறி வெடிக்காமல் தடுக்கும் பூட்டு, ஒரு இயந்திரத் துண்டு. தேயும், அழுக்குப் பிடிக்கும், குளிரில் எண்ணெய் இறுகி இறங்காமல் நிற்கும், பற்றையில் தட்டுப்பட்டு உங்களுக்குத் தெரியாமலே திறந்துகொள்ளும். பல ரைபிள்களில் அது விசைவில்லை மட்டும்தான் தடுக்கிறது, ரவையைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசியைப் பூட்டுவதில்லை. அதனால் போடுங்கள், ஆனால் நம்பாதீர்கள்.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்கலாம். சில ரைபிள்களில் சேஃப்டிக்கு மூன்று நிலை இருக்கும். நடு நிலையில் விசைவில் பூட்டியபடியே இருக்க, போல்ட்டைத் திறந்து ரவையை எடுக்கலாம். இரண்டு நிலை உள்ள சில பழைய ரைபிள்களில் போல்ட்டைத் திறக்கவே சேஃப்டியை விடுவிக்க வேண்டும். ரவையை எடுக்கிற நேரம்தான் அது அவசியமாகத் தேவை, அந்த நேரம் பார்த்து அது இல்லை.

காட்டுக்குள் எப்படிப் பிடித்துக்கொண்டு நடப்பது?

நடப்பவர் யார், அவருக்கு முன்னும் பின்னும் பக்கத்திலும் யார் என்பதைப் பொறுத்தது. ஒரே பிடிப்பு எல்லா இடத்துக்கும் சரிவராது.

அடர்ந்த காட்டில் நல்லது இரண்டு கைப் பிடிப்பு. ஒரு கை பிடங்குக்கு (தோளில் வைக்கும் பின்கட்டைக்கு) முன்னால் துவக்கின் கழுத்தில், மறு கை முன்கட்டையில், குழல் வாய் மேல்நோக்கிச் சரிந்து நெஞ்சுக்குக் குறுக்கே. விழுந்தாலும் திசை உங்கள் கையில். கொஞ்ச நேரத்தில் கை உளையும், அதுதான் இதன் குறை.

கை உளைந்தால் பிள்ளையைத் தூக்குவது போல முழங்கையின் மடிப்பில் கிடத்தலாம். வலதுகைக்காரருக்கு அப்போது குழல் வாய் இடப்பக்கம் பார்க்கும். இடப்பக்கத்தில் ஆள் நடந்தால் இந்தப் பிடிப்பு கிடையாது. மூன்று பேர் பக்கம்பக்கமாகப் போகும்போது இடது ஓரத்தில் போகிறவர் இப்படிப் பிடிக்கலாம். வலது ஓரத்தில் போகிறவர் பிடித்தால் நடுவிலிருப்பவரின் விலாவைப் பார்க்கும். நடுவிலிருப்பவருக்கு வாய் மேலே பார்க்கும் பிடிப்பு மட்டும்தான்.

ஒரு கையால் நடுவில் பிடித்துத் தொங்கவிட்டபடி, வாய் முன்பக்கம் பார்க்க நடப்பதும் உண்டு. வரிசையில் முதலாவதாகப் போகிறவர் மட்டும் செய்யலாம். தடக்கினால் வாய் நேரே பனிக்குள் குத்தும்; அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வாரில் தோளில் மாட்டுவது நீண்ட நடைக்குச் சுகம். ஆனால் பின்னால் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. கொப்பு ஒன்று வாரில் கொழுவி ரைபிள் தோளிலிருந்து வழுக்கினால் வாய் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. ரவை ஏற்றாமல், வெட்டையான பாதையில் என்றால் சரி. குனிந்து நுழையும் இடத்தில் கழற்றிக் கையில் எடுங்கள். விழுந்து கிடக்கும் மரத்துக்குக் கீழே குனிந்தால் மேலே பார்த்த வாய் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்க்கும்; பலர் கவனிப்பதில்லை.

பிடங்கு முன்னால், குழல் பின்னால் என்று தோளில் சாய்த்துக்கொண்டு நடப்பது, அதாவது மண்வெட்டியைத் தோளில் வைப்பது போல, படத்தில் பார்க்க நன்றாக இருக்கும். பின்னால் ஒருவரும் இல்லாவிட்டால் மட்டும்.

நடக்கும்போது சேம்பரில் ரவை இருக்கலாமா?

சட்டப்படி வேட்டை நேரத்தில் இருக்கலாம். எங்கள் குழுவில் நாங்கள் விடுவதில்லை. நிற்கும் இடத்துக்குப் போகும் வரை சேம்பர் வெறுமை; போய் நிலையெடுத்த பிறகுதான் ஏற்றுவது. "மான் திடீரென்று எழும்பினால்?" என்று கேட்பார்கள். எழும்பட்டும். போல்ட்டைத் தள்ள ஒரு விநாடி. அந்த ஒரு விநாடியில் தப்பும் மான் தப்பட்டும்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒன்ராறியோவில் சேம்பர் வெறுமையாக இருந்தாலும் ரவையுள்ள மகசின் ரைபிளில் மாட்டியிருந்தால் அது ரவை ஏற்றிய துவக்குதான். வாகனத்துக்குக் கிட்ட வரும்போது இதுதான் வழக்காகும்.

வேலி, ஓடை, விழுந்த மரம் இதையெல்லாம் எப்படித் தாண்டுவது?

ரவையை முழுக்க எடுத்துவிட்டு, போல்ட்டைத் திறந்தபடி. தனியே என்றால் ரைபிளை வேலிக்குக் கீழால் தள்ளி மறுபக்கம் நிலத்தில் கிடத்துங்கள், வாய் நீங்கள் ஏறப்போகும் இடத்தைப் பார்க்காமல். சற்றுத் தள்ளி ஏறி இறங்கி, பிடங்குப் பக்கமாக வந்து எடுங்கள். வாயைப் பிடித்து உங்கள் பக்கம் இழுக்கவே கூடாது. வேலியில் சாய்த்து வைக்காதீர்கள். ஏறும்போது வேலி ஆடும், ரைபிள் சரியும்.

இரண்டு பேர் என்றால் ஒருவர் இரண்டு வெறுந்துவக்கையும் பிடிக்க, மற்றவர் தாண்டி, பிறகு வாங்கிக்கொள்வது. கொடுக்கிறவர் திறந்த போல்ட்டைக் காட்டிக் கொடுப்பார். வாங்குகிறவர் தானும் உள்ளே பார்த்து, "பிடிச்சிட்டன்" என்று சொன்ன பிறகுதான் கொடுத்தவர் கையை விடுவார். அவர் பார்த்தாரே என்று நீங்கள் பார்க்காமல் விடுவது மரியாதை இல்லை.

மரத்தில் ஏறி உட்காரும் பரணுக்கு?

தோளில் மாட்டிக்கொண்டு ஏறுவது கூடாது. பாதுகாப்புப் பட்டி கட்டி, வெறுங்கையோடு ஏறி, உட்கார்ந்த பிறகு கயிற்றால் ரைபிளை மேலே இழுங்கள். ரவை இல்லாமல், போல்ட் திறந்து, வாய் கீழே பார்க்க. கயிற்றை விசைவில் வளையத்தில் கட்டக் கூடாது. இறங்கும்போது இதே வேலை தலைகீழாக: முதலில் ரவை, பிறகு ரைபிள், பிறகு நீங்கள். கீழே இறக்கும்போது வாய் பனிக்குள் புதையாமல் பார்க்க வேண்டும்.

வாகனத்தில் எப்படி வைப்பது?

வாகனத்துக்குள்ளோ, அதன் மேலோ ரவை ஏற்றிய துவக்கு இருக்கக்கூடாது. நாலு சக்கர ஏடிவி, பனி ஸ்கூட்டர் எல்லாம் இதில் அடக்கம். அரைக் கிலோமீற்றர்தானே என்று ரவையோடு ஏடிவியில் ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மோட்டர் படகில் என்றால் மோட்டரை நிறுத்தி, அதன் உந்தலால் படகு போவதும் நின்ற பிறகுதான் ஏற்றலாம்.

வழியில் டிம்ஸில் கோப்பி வாங்க இறங்குகிறீர்களா? ஆளில்லாத காரில் ரைபிள் டிக்கிக்குள் பூட்டி இருக்க வேண்டும். பிக்கப் மாதிரி டிக்கி இல்லாத வாகனம் என்றால் வெளியிலிருந்து கண்ணில் படாமல் வைத்து வாகனத்தைப் பூட்ட வேண்டும். உறையைப் பின் சீற்றில் நீட்டிக் கிடத்திவிட்டு இறங்கிப் போவது சரிவராது.

இருட்டிய பிறகு காட்டுக்குள்ளிருந்து நடந்து வரும்போது?

சூரியன் மறைந்து அரை மணித்தியாலத்துக்குப் பிறகு, மறுநாள் சூரியன் உதிக்க அரை மணித்தியாலம் இருக்கும் வரை, விலங்குகள் நடமாடும் இடத்தில் ரைபிள் ரவையில்லாமல் உறைக்குள் இருக்க வேண்டும். நவம்பரில் ஐந்து மணிக்கே இருட்டு வந்துவிடும். ஆகவே மடித்து வைக்கக்கூடிய மெல்லிய துணியுறை ஒன்று முதுகுப்பையில் இருக்கட்டும். நல்ல உறையைப் பிக்கப்பில் வைத்துவிட்டு வருவதால்தான் பலர் மாட்டுப்படுகிறார்கள்.

செம்மஞ்சள் உடுப்பை மான் பார்த்துவிடாதா?

மானுக்கு அந்த நிறம் எங்களுக்குத் தெரிவது போல் பளிச்சென்று தெரியாது. சட்டத்தின் கணக்கு 400 சதுர அங்குலம், இடுப்புக்கு மேலே, எல்லாப் பக்கத்திலிருந்தும் தெரியும்படி, அதோடு தலையிலும். இலை போட்ட செம்மஞ்சள் மேலுடுப்பு கணக்கில் சேராது. பெரிய முதுகுப்பையைக் கொழுவினால் முதுகுப் பக்கம் மறைந்துவிடும், பைக்கு மேலேயும் ஒரு செம்மஞ்சள் துணி போடுங்கள்.

ஸ்கோப்பால் பார்த்து, மானா மனிதரா என்று தெரிந்துகொள்ளலாமா?

கூடாது. ஸ்கோப்பால் பார்ப்பது என்றால் ரைபிளை அந்தப் பக்கம் நீட்டுவது. அங்கே நிற்பது மனிதர் என்றால் நீங்கள் அவர் நெஞ்சுக்குக் குறி வைத்துவிட்டீர்கள். பைனாகுலர் அதற்குத்தான், மலிவானதாக இருந்தாலும் பரவாயில்லை.

இன்னது என்று முழு உருவமும் தெரியும் வரை சேஃப்டியில் கை வைக்க வேண்டாம். தெரிந்த பிறகும் அதற்குப் பின்னால் என்ன என்று பாருங்கள். .308, .30-06 மாதிரி மான் ரைபிள்களின் சன்னம், அதாவது வெளியே பறக்கும் குண்டு, உயரத் தூக்கிச் சுட்டால் நாலைந்து கிலோமீற்றர் போகும். மேட்டின் உச்சியில், வானத்தைப் பின்னணியாக வைத்து நிற்கும் மானுக்கு வெடி வைப்பதில்லை. பின்னால் மண் திட்டி இருந்தால்தான்.

ஊரில் அப்புவோடு இடியன் தூக்கித் திரிந்தவன் நான். எனக்கு இதெல்லாம் தேவையா?

வன்னிப் பக்கத்து ஐயாமார் சிலர் இப்படிக் கேட்பார்கள். காட்டைப் படிக்க, தடம் பார்க்க, அசையாமல் இருக்க அவர்களுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. அவர்களோடு போனால் நான்தான் படிக்கிறேன். ஆனால் இடியன் ஒரு வெடிதான், கிட்டத்து வெடி. ரைபிளில் ஒரு ரவை போனால் அடுத்தது பின்னால் நிற்கும், சன்னமும் ஊர் தாண்டிப் போகும். பத்துப் பேர் வரிசை கட்டி நிற்கும் வேட்டையில் யார் எந்தப் பக்கம் சுடலாம் என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்வது இங்கே கட்டாயம் மாதிரி. அப்புறம், விலங்கு வரும் வழியில் பொறியாகக் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கு பற்றிப் பகிடிக்கும் பேச வேண்டாம், ஐயா. இங்கே அது குற்றவியல் சட்டத்தில் வரும் குற்றம்.

இங்கேயும் இடியனுக்குத் தனிப் பருவம் உண்டு. மருந்தைப் பற்றவைக்கும் சின்ன உலோகத் தொப்பி வைத்துச் சுடும் இடியனில் மருந்தும் சன்னமும் உள்ளே இருந்தாலும், தொப்பியை எடுத்துவிட்டால் ஒன்ராறியோ சட்டம் அதை ரவை ஏற்றாத துவக்காகத்தான் பார்க்கிறது. உங்கள் மனம் அப்படிப் பார்க்க வேண்டாம்.

விழுந்துவிட்டேன், குழலுக்குள் பனி போயிருக்கலாம். சுட்டால் போய்விடாதா?

குழல் வெடித்துப் பிளக்கலாம். பனி, சேறு, துப்புரவாக்கிய துணித்துண்டு எதுவாக இருந்தாலும் சரி. ரவையை எடுத்து, பின்பக்கத்தால் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் துப்புரவுக் கம்பியால் தள்ளுங்கள். கம்பி இல்லையென்றால் அன்றைக்கு வேட்டை முடிந்தது. பனி போகாமல் குழல் வாயில் ஒரு துண்டு மின்சார ரேப் (ஒட்டுநாடா) ஒட்டிவிடுவது பலரின் வழக்கம். சுடும்போது சன்னத்துக்கு முன்னால் வரும் காற்றே அதைத் தள்ளிவிடும்.

விசைவில்லை இழுத்தேன், 'டிக்' என்றது, வெடிக்கவில்லை.

வாயைத் திருப்பாமல் அப்படியே பிடித்து அறுபது விநாடி எண்ணுங்கள். மருந்து தாமதித்துப் பற்றலாம். பிறகு முகத்தை ஒதுக்கி போல்ட்டைத் திறந்து எடுங்கள். வழமையான சத்தம் இல்லாமல் 'புஸ்' என்று மெல்லிய வெடி கேட்டால் அது வேறு கதை. சன்னம் குழலுக்குள் சிக்கி நிற்கலாம், அடுத்த வெடி வைக்கவே கூடாது.

ரவைப் பிழையும் ஒரு காரணம். குழலில் பொறித்திருப்பதும் ரவையின் அடியில் பொறித்திருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இரண்டு ரைபிள் கொண்டுபோகிறவர்கள் ரவைகளை ஒரே சட்டைப்பையில் போடாதீர்கள். குழாய் மகசின் உள்ள லீவர் ரைபிளுக்குக் கூர்மூக்கு ரவை ஆகாது: ஒன்றின் மூக்கு முன்னாலுள்ளதன் அடியில் குத்தி நிற்கும்.

காதுக்கு ஏதும் தேவையா?

தேவை. ரைபிள் சத்தம் 150 டெசிபெல்லைத் தாண்டும். எனக்கு இடக் காதில் இரைச்சல் இருக்கிறது.

நண்பரின் ரைபிளை ஒரு நாளைக்கு வாங்கிக்கொண்டு போகலாமா?

உங்களிடமும் பத்திரம் இருந்தால் போகலாம். இல்லையென்றால் அவர் பக்கத்தில் நின்று நேரடியாக மேற்பார்வை செய்யும்போது மட்டும்.

இரவு ஒரு பியர்?

ரைபிள் எல்லாம் பூட்டிய பிறகு.

வீட்டுக்கு வந்ததும் என்ன செய்வது?

குளிரில் கிடந்த ரைபிளை உடனே சூடான வீட்டுக்குள் உறையைத் திறந்து எடுத்தால் மூக்குக்கண்ணாடி மாதிரி வியர்க்கும். ஸ்கோப், போல்ட், குழலுக்குள் எல்லாம் ஈரம். உறையோடு குளிரான ஒரு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குப் பின் எடுத்து, இன்னொரு தடவை சேம்பரைப் பார்த்துத் துடையுங்கள். எண்ணெய் கொஞ்சமாக. கூடினால் அடுத்த குளிரில் ஊசியைப் பிடித்து வைக்கும்.

பிறகு பூட்டு. சட்டம் கேட்பது, ரவையில்லாமல், விசைவில்லுக்குப் பூட்டுப் போட்டோ போல்ட்டைக் கழற்றியோ அல்லது பூட்டிய பெட்டிக்குள் வைத்தோ இருக்க வேண்டும் என்பது. ரவைகள் இலகுவில் கைக்கு எட்டக் கூடாது, எட்டும் இடமென்றால் அவையும் பூட்டுக்குள். பிள்ளைகள் உள்ள வீட்டில் நான் இரும்புப் பெட்டியும் வைத்து, விசைவில் பூட்டும் போட்டு, ரவையை வேறு தளத்தில் வைத்திருக்கிறேன். திறப்பு என் திறப்புக் கோர்வையில். பெட்டிக்கு மேலே வைத்தால் எட்டு வயசுக்காரன் கதிரையை இழுத்துப்போட்டு எடுப்பான். போன வருடம் மேல் தட்டிலிருந்த முறுக்கு டின்னை அப்படித்தான் எடுத்தான்.